ஆல்டர் நோட்டு சொன்ன கணக்கு

திருப்பூர்

அன்பு நண்பனுக்கு,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?

உங்கள் மில்லில் பயிற்சி முடிந்ததும் படிவம் கொடுத்து, எல்லாரும் 'மிக நன்று' என்று எழுதியதாகப் போனில் சொன்னாயே, அதிலிருந்து மனசு அங்கேயே நிற்கிறது. எங்கள் பனியன் கம்பெனியிலும் ஓவர்லாக் (துணி விளிம்பைச் சேர்த்துத் தைக்கும் மெஷின்) டைலர்களுக்கு 3 நாள் பயிற்சி நடந்தது. படிவத்தில் எல்லாம் டிக்தான். பயிற்சியை எடைபோட டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் சொன்ன நான்கு படிகளில் அது முதல் படி: பிடித்திருந்ததா? கற்றுக்கொண்டார்களா, மெஷினில் உட்கார்ந்தால் அதைச் செய்கிறார்களா, கம்பெனிக்குப் பலன் உண்டா என்ற மூன்றும் அதற்கு மேலே இருக்கின்றன.

6 வாரம் கழித்து, தையல் சரியில்லாமல் திருத்தத் திரும்பி வரும் பீஸைக் குறிக்கிற ஆல்டர் நோட்டைப் புரட்டினேன். திரும்பி வரும் பீஸ் குறைந்திருந்தது. ஆனால் அதற்குள் கோடு பொருத்தித் தைக்கிற ஆர்டர் முடிந்து, தைக்க எளிதான பிளெயின் துணி வந்துவிட்டது. பயிற்சிக்குப் போகாத பக்கத்து லைன் நோட்டையும் வாங்கிப் பார்த்தேன். அங்கேயும் குறைந்திருந்தது, ஆனால் இந்த அளவுக்கு இல்லை. சரி, அந்த வித்தியாசம் பயிற்சியால் வந்தது என்று எழுதப் போனேன். அப்புறம்தான் உறைத்தது, பயிற்சிக்கு ஆள் பொறுக்கியது சூப்பர்வைசர். கை நன்றாக ஓடுகிறவர்களைத்தான் அனுப்பியிருக்கிறார்.

பெங்களூரு கார்மெண்ட்ஸ் தொழிற்சாலைகளில் நடந்த ஆய்வில் இதைச் சரியாகச் செய்தார்கள். பயிற்சிக்குப் பெயர் கொடுத்த பெண்களைக் குலுக்கலில் பிரித்தார்கள். சொல்லிக்கொடுத்தது தையல் இல்லை. பேசிப் பழகுவது, நேரத்தைத் திட்டமிடுவது போன்றவை. பயிற்சி பெற்றவர்களின் உற்பத்தி கூடியது. அவர்களோடு ஒரே லைனில் தைத்த, பயிற்சி பெறாதவர்களுடையதும் கூடியது! நம் நோட்டில் இதற்கு எங்கே கட்டம் இருக்கிறது, சொல்.

ஒரு அக்காவுக்கு மட்டும் பயிற்சிக்குப் பிறகு பீஸ் எண்ணிக்கை இறங்கியிருந்தது. பக்கத்தில் போய் நின்றேன். கழுத்து ரிப்பை இழுக்காமல், இரண்டு விரலால் தாங்கி, சொல்லிக்கொடுத்தபடியே அழகாக ஓட்டுகிறார். ஒவ்வொரு பண்டில் முடிந்ததும் எழுந்து போய் அடுத்ததை அவரே தூக்கி வந்து பிரிக்கிறார். பண்டிலை எடுத்துப் பிரித்துக் கொடுக்கும் கைமடி ஆளை வேறு லைனுக்கு மாற்றிவிட்டார்களாம். "கத்துக்கிட்டது கையில இருக்கு சார், நேரந்தான் இல்ல" என்றார். வெறும் எண்ணிக்கையைப் பார்த்து அவர் பெயருக்கு எதிரே 'பயனில்லை' என்று எழுதியிருந்தால் எவ்வளவு பெரிய அநியாயம்!

உங்கள் அடுத்த பேட்ச் தொடங்குமுன் ஒரு மாதக் கணக்கை இப்போதே எடுத்து வை. ஆளைச் சீட்டுக் குலுக்கிப் பிரி. கைமடி ஆள் நேற்று இந்த லைனுக்கே திரும்பிவிட்டார். அந்த அக்காவின் கணக்கை இன்று காலையிலிருந்து மறுபடி எழுதுகிறேன், மாதக் கடைசியில் உனக்கு அனுப்புகிறேன்.

உன் நண்பன்