கிடங்கு மேலாளரான மகளுக்கு

அன்புள்ள கயலுக்கு,

ஆளுக்கொரு ஸ்கேனர் கொடுத்த பிறகும் ஆர்டர்கள் தாமதமாகவே போகின்றன என்றும், ஆட்கள் எப்படியாவது ஒரு வழி கண்டுபிடித்து ஏய்த்துவிடுகிறார்கள் என்றும், அடுத்த மாதத்திலிருந்து ஒவ்வொரு வேலைக்கும் நொடிக்கணக்கு வைக்கப் போவதாகவும் புனேயிலிருந்து எழுதியிருந்தாய். கல்லூரியில் தொழிற்சமூகவியல் கற்பித்து ஓய்வு பெற்றவளுக்கு மகள் இப்படி எழுதினால், பதில் சுருக்கமாக வராது என்பது உனக்குத் தெரிந்தே இருக்கும்.

கடிகாரத்தைக் கொண்டு ஆட்களைக் கட்டும் எண்ணம் நூறாண்டுக்கும் பழையது. 1911 ஆகஸ்டில் அமெரிக்காவின் வாட்டர்டவுன் இராணுவத் தளவாடச் சாலையில், ஒவ்வொரு வேலையையும் கடிகாரத்தால் அளந்து நிர்வகிக்கச் சொன்ன பொறியாளர் ஃபிரெடெரிக் டெய்லரின் முறைப்படி நேரம் அளக்க வந்தபோது, வார்ப்புப் பட்டறைத் தொழிலாளி ஒருவர் அதற்கு உடன்பட மறுத்து வேலையை இழந்தார். உடன் வேலை செய்தவர்கள் பட்டறையை விட்டு வெளியேறினார்கள். அமெரிக்கக் காங்கிரஸ் விசாரணைக் குழு அமைத்தது. டெய்லரே அதன்முன் சாட்சியம் சொல்ல நேர்ந்தது. உன் கிடங்கில் யாரும் வெளியேறப் போவதில்லை. அங்கு நடப்பது அதைவிட நுட்பமானது என்பதால்தான் பிரான்சு நாட்டுப் புகையிலை ஆலைகளைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்நாட்டு அரசின் ஏகபோகத்தில் இருந்த அந்த ஆலைகளை 1950களில் மிஷேல் குரோசியே என்ற சமூகவியலாளர் ஆராய்ந்தார். அங்கே எல்லாவற்றுக்கும் விதி இருந்தது. யார் எந்த வேலையில் நிற்பது என்பதைப் பணிமூப்பு தீர்மானித்தது. யாரையும் நினைத்தபடி வேலையை விட்டு அனுப்ப முடியாது. ஆலையின் இயக்குநரும் பாரிஸ் தலைமையகத்தின் விதிகளுக்குக் கட்டுப்பட்டவரே. காகிதத்தில் பார்த்தால், ஒருவர் இன்னொருவர்மீது அதிகாரம் செலுத்த இடமே இல்லாத அமைப்பு அது. ஆனால் இயந்திரம் எப்போது பழுதாகி நிற்கும், நின்றால் எப்போது மறுபடி ஓடும் என்பதை மட்டும் எந்த விதியாலும் எழுதி வைக்க முடியவில்லை.

ஆலைக்குச் சிலரே இருந்த பராமரிப்புத் தொழிலாளர்களின் செல்வாக்கு முழுவதும் அங்கிருந்துதான் வந்தது. இயந்திரத்தை ஓட்டியவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்கள் பழுதில் கை வைக்கக் கூடாது. மேற்பார்வையாளருக்குப் பதவி இருந்தது, பழுது பார்க்கும் அறிவு இல்லை. இயந்திரங்களின் வரைபடங்களும் பராமரிப்புக் குறிப்புகளும் ஆலையிலிருந்து மெல்ல மறைந்துபோயிருந்தன. புதிதாக வந்தவர் மூத்தவரின் கூடவே நின்று, கேட்டும் பார்த்தும்தான் வேலை கற்றார். ஆக, அமைப்பு வரைபடத்தில் மேற்பார்வையாளருக்கு எந்த உத்தரவும் இடமுடியாத ஒருவர், பட்டறைத் தளத்தில் அவரைக் காத்திருக்க வைத்தார். பல ஆண்டுகள் ஆலையில் ஃபிட்டராக இருந்த உன் அப்பாவுக்கு இந்தப் பகுதியைப் படித்துக் காட்டினேன். "படத்தை எடுத்து வைத்தவன் பிழைக்கத் தெரிந்தவன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய கருவிப்பெட்டியில் என்ன இருந்தது என்று நானும் கேட்கவில்லை.

குரோசியே அந்த ஆட்களைக் குற்றவாளிகளாக எழுதவில்லை என்பதைக் கவனி. எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் மனிதனிடம் கொஞ்சம் சுதந்திரம் மிஞ்சுகிறது. அதை அவன் தனக்குச் சாதகமாகப் பயன்படுத்துகிறான். ஆகவே அவனுடைய நடத்தைக்கு அவன் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் ஒரு நியாயம் இருக்கும் என்பதே அவர் கண்டது. மேலாளர் அதை ஒழிக்க இன்னொரு விதி போடுகிறார். விதி எட்டாத மூலை சிறிதாகிறது. அந்த மூலையை வைத்திருப்பவரின் பலமோ கூடுகிறது. அதைக் கண்டு மேலும் ஒரு விதி வருகிறது. சரக்கு எந்த ரேக்கில் இருப்பதாகக் கணினி காட்டுகிறதோ அங்கே இல்லாதபோது, அது உண்மையில் எங்கே இருக்கிறது என்று ஒரு பெரியவருக்கு மட்டும் தெரியும் என்று போன கடிதத்தில் எரிச்சலோடு எழுதியிருந்தாயே, நொடிக்கணக்கு வந்தபின் உன் ஆட்கள் எல்லோரும் அவரை இன்னும் அதிகமாகத் தேடிப் போவார்கள்.

இதைப் படித்துவிட்டு, தொழிலாளியின் சுதந்திரம் எல்லாமே விடுதலைதான் என்று எண்ணிவிடாதே. அந்தப் பக்கமும் சிக்கலானது. சிகாகோவுக்கு அருகில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாத்தோர்ன் ஆலையில், 1931-32இல், தொலைபேசி இணைப்புக் கருவிகளுக்குக் கம்பி கட்டும் பிரிவின் 14 பேரைத் தனி அறையில் வைத்துக் கவனித்தார்கள். ஒரு நாளைக்கு இவ்வளவு போதும் என்ற அளவை நிர்வாகம் வகுக்கவில்லை. அவர்களே தங்களுக்குள் வகுத்திருந்தார்கள். அதற்குமேல் ஓடியவருக்குப் புஜத்தில் ஒரு குத்து விழும். மிகவும் பின்தங்கினால் ஏச்சு விழும். அதிகம் செய்து காட்டினால் கூலி வீதத்தை நிர்வாகம் குறைத்துவிடும் என்ற அச்சத்திலிருந்து தங்களைக் காத்துக்கொள்ள அவர்கள் எழுப்பிய வேலிக்குள் அவர்களே காவலர்களாகவும் இருந்தார்கள்.

இன்னும் கசப்பானதை மைக்கேல் புரவோய் என்ற சமூகவியலாளர் எழுதினார். அவர் 1974இல் சிகாகோ வட்டாரத்து இயந்திர ஆலை ஒன்றில் சேர்ந்து சுமார் பத்து மாதங்கள் தானே இயந்திரத்தில் நின்றார். நிர்ணயித்த அளவைத் தாண்டி ஊக்கத்தொகை ஈட்டுவதைத் தொழிலாளர்கள் ஒரு விளையாட்டாகவே ஆக்கிக்கொண்டிருந்தார்கள். அலுப்பு மறந்தது, நேரம் ஓடியது, திறமைக்கு ஒரு பெருமையும் கிடைத்தது. ஆனால் விளையாட இறங்கியவர் அதன் விதியோடு சண்டை போடுவதில்லை. தொழிலாளி ஏன் மெத்தனமாக இருக்கிறான் என்று எல்லோரும் கேட்ட இடத்தில், இவ்வளவு பாடுபடுகிறானே, ஏன் என்று அவர் கேட்டார். மேலாண்மைப் பாடங்களில் இந்தக் கேள்வியை யாரும் கேட்கச் சொல்லித் தருவதில்லை என்பது என் பழைய மனக்குறை.

உன்னையும் இதற்கு வெளியே வைத்துப் பார்க்காதே. தலைமையகம் உன் கிடங்கின் தாமத விழுக்காட்டை வாரந்தோறும் பார்க்கிறது. நீயும் நல்ல வாரத்து ஆர்டர்களைச் சற்றே தள்ளிப் பதிந்து கெட்ட வாரத்தைச் சரிக்கட்டுவதாகத் தொலைபேசியில் சிரித்துக்கொண்டே சொன்னாய். உன் ஆட்கள் ஸ்கேனரோடு செய்வதும் ஏறத்தாழ அதுதான்.

நொடிக்கணக்கைத் தொடங்கும் முன், அந்தப் பெரியவரோடு ஒரு ஷிப்ட் முழுதும் நட. எந்த ரேக்குகளின் எண் கணினியில் தவறாக இருக்கிறது, யார் எப்போது மாற்றியது என்று கேட்டுக் குறித்துக்கொள். அவர் உடனே சொல்லிவிட மாட்டார். அந்த அறிவுதான் அவருக்கு அங்கே இருக்கும் ஒரே பிடி. அதைக் கொடுத்தால் அவருக்குப் பதிலுக்கு என்ன கிடைக்கும் என்பதை நீ முதலில் யோசித்து வைத்திருக்க வேண்டும். பணி உயர்வா, புதியவர்களுக்குக் கற்பிக்கும் பொறுப்பா, அதற்கான தனிப்படியா என்பதை உன் மேலிடத்தில் பேசி, எழுத்தில் வாங்கிக்கொண்டு அவரிடம் போ. வாய்வாக்கை மட்டும் நம்பி அவர் ஏமாந்தால், மற்றவர்கள் அதை உன்மீது பல ஆண்டுகளுக்கு மறக்க மாட்டார்கள். என்ன சொன்னார் என்று எழுது.

அன்புடன்,
அம்மா