வால்வுக் குழியையும் ஒரு படம் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடற்புழு நீக்க நாள் பற்றிச் சென்ற வாரம் வந்த கட்டுரையில், பிள்ளைகளின் வயிற்று நோய்க்குத் 'தண்ணீரைக் காய்ச்சிக் கொடுக்காத தாய்மார்களின் அலட்சியமே காரணம்' என்று ஒரு வரி. 31 வருஷம் அங்கன்வாடியில் வேலை பார்த்தவள் நான். எழுதியவர் நன்றாகப் படித்தவராகத்தான் இருப்பார். ராத்திரி இரண்டு மணிக்குக் குழாயடியில் குடத்தோடு நின்றவராக இருக்க மாட்டார்.

எங்கள் தெருவுக்கு நாலு நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணீர். தெருமுனையில் குடிநீர்க் குழாயைத் திறந்து மூடும் வால்வுக் குழியில் எப்போதும் சாக்கடை தேங்கி நிற்கும். தண்ணீர் நின்றதும் வெறுமையான குழாய் விரிசல் வழியே அதைத்தான் உள்ளே இழுக்கும். தங்களுக்குத் தெரியாததல்ல. அடுத்த தடவை முதல் இரண்டு குடம் கறுப்பாக வரும். கொட்டிவிட்டு மூன்றாவதைப் பிடிப்போம். மேல்நிலைத் தொட்டியில் 'சுத்தம் செய்த நாள்' மட்டும் தவறாமல் மாறும். பெயிண்ட் டப்பாவோடு ஏறியவரைப் பார்த்திருக்கிறேன், துடைப்பத்தோடு ஏறியவரைப் பார்த்ததில்லை.

என் மையத்தில் ஒரு பிள்ளை நாலு மாதமாக ஒன்பது கிலோவிலேயே நின்றாள். எண்ணெய் மிதப்பது போலப் பேதி. "பூச்சி மாத்திரைதான் கொடுத்தாச்சே" என்றார்கள். மலத்தைப் பரிசோதித்த பிறகுதான் ஜியார்டியா என்று தெரிந்தது; அது புழு அல்ல, அழுக்குத் தண்ணீரில் பரவும், கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி. நாங்கள் வருஷா வருஷம் சப்பக் கொடுக்கும் ஒற்றை அல்பெண்டசோல் மாத்திரை உருண்டைப் புழு, கொக்கிப் புழுவுக்கு; இதற்குப் போதாது. வேறு மருந்தில் தேறினாள். அதே தண்ணீர்தானே, இரண்டே மாதத்தில் மறுபடி பேதி. பீடி சுற்றும் அவள் அம்மாவிடம் "காய்ச்சிக் கொடு" என்று நானும் சொன்னவள்தான். "ஆறு பேர் குடிக்கிற தண்ணியக் காய்ச்ச சிலிண்டருக்கு எங்க டீச்சர் போக?" என்றாள். நான் எடைப் பதிவேட்டை மூடிவிட்டு எழுந்தேன்.

காலில் வெளிவரும் நரம்புச் சிலந்திப் புழுவைக் குச்சியில் நாள்கணக்காகச் சுற்றி எடுத்த கதையை என் ஆச்சி சொல்வாள். அதற்கு மாத்திரையும் கிடையாது, தடுப்பூசியும் கிடையாது. படிக்கிணறுகளை அடைத்து, கைப்பம்பு போட்டு, தண்ணீரைத் துணியில் வடிகட்ட வைத்துத்தான் ஒழித்தார்கள். 2000-இல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவுக்குச் சான்றே கொடுத்தது. தாய்மாரைத் திட்டி ஒழித்ததாக நான் கேள்விப்படவில்லை. உங்கள் கட்டுரையில் இதற்கு இடமில்லை. பெரிய மனிதர் பிள்ளை வாயில் மாத்திரை போடும் படத்துக்கு அரைப் பக்கம் இருந்தது.

எங்கள் வால்வுக் குழிக்கு ஒரு மூடி வேண்டும், அவ்வளவுதான். புகார்ப் பகுதிக்கு ஏற்கெனவே இரண்டு தடவை படம் அனுப்பினேன். இத்துடன் மூன்றாவது. பக்கத்தில் நிற்பது என் பேரன். அவனை வெட்டிவிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்