உருவம், உள்ளடக்கம் என்ற பகுப்பு பொருந்துமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் இலக்கியப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த தமிழ்த் திறனாய்வு பற்றிய கட்டுரை, க.நா. சுப்ரமண்யத்தை (க.நா.சு.) முதன்மையாகக் கொண்ட, வாசிப்புச் சுவையால் தரம் காணும் ரசனை விமர்சனத்தை உருவம் (படைப்பின் அமைப்பும் சொல்முறையும்) சார்ந்தது என்றும், க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் வளர்த்த, சமூக வர்க்கப் பின்னணி கொண்டு படைப்பை விளக்கும் மார்க்சியத் திறனாய்வை உள்ளடக்கம் (படைப்பு சொல்லும் பொருள்) சார்ந்தது என்றும் வகுத்திருந்தது. கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் எனக்கு இந்தப் பகுப்பு புதிதன்று. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட், செட் தேர்வுகளுக்குப் படிக்கும் மாணவர்கள் இதை மனப்பாடமே செய்கிறார்கள். ஆனால் இரு தரப்பாரின் நூல்களையும் நேரடியாகப் படிக்கும் எவருக்கும் இது பொருந்தாமை தெரியும்.

முதலில் கைலாசபதியை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் கிரேக்க இலக்கிய அறிஞர் ஜார்ஜ் தாம்சனின் வழிகாட்டலில் அவர் செய்த ஆய்வு 1968இல் ஆங்கில நூலாக வெளிவந்து, பிற்காலத்தில் ‘தமிழ் வீரநிலைக் கவிதை’ என்று தமிழிலும் வந்தது. சங்கப் பாடல்களில் ஒரே அடைமொழிகளும் தொடர்களும் காட்சிகளும் திரும்பத் திரும்ப வருவது ஏன் என்பது அதன் மையக் கேள்விகளுள் ஒன்று. ஹோமரின் காப்பியங்களையும் யூகோஸ்லாவியப் பாடகர்களின் கதைப்பாடல்களையும் ஆராய்ந்த மில்மன் பாரி, ஆல்பர்ட் லார்ட் ஆகியோரின் வழியில், அவை வாய்மொழியாகப் பாடியவர்கள் கைக்கொண்ட வாய்பாடுகள், அதாவது பாடும்போதே எடுத்தாள உதவும் ஆயத்தத் தொடர்கள் என்று அவர் வாதிட்டார். புலவர்கள் பாணர் மரபை அடியொற்றிப் படைத்தார்களே தவிர, அவர்களுடைய பாடல்கள் வாய்மொழிப் பாடல்கள் அல்ல என்று அமெரிக்கத் தமிழறிஞர் ஜார்ஜ் ஹார்ட் இதை மறுத்தார். யார் பக்கம் நியாயம் இருப்பினும், தொடரமைப்பையும் பாடும் முறையையும் பற்றிய இவ்விவாதம் முழுக்க முழுக்க உருவம் பற்றியது. ‘உள்ளடக்கவாதி’ என்று நாம் ஒதுக்கிவைத்தவர் தொடங்கிவைத்தது.

மாறாக, உருவவாதி என்று பெயர் பெற்ற க.நா.சு., ஒரு படைப்பின் அமைப்பைப் பகுத்துக் காட்டுவதில் பெரும்பாலும் நாட்டம் கொள்ளவில்லை. பரந்த வாசிப்பிலிருந்து எழும் தீர்ப்பைத் துணிவாகச் சொல்வதும், தேறியவற்றைப் பட்டியலிடுவதுமே அவர் முறை. அந்தத் துணிவுக்குத் தமிழ் வாசகர்கள் பெரிதும் கடன்பட்டிருக்கிறார்கள். ஆயினும் ஏன் நல்லது என்று கேட்கும் மாணவனுக்கு அவர் எழுத்தில் போதிய விடை கிடைப்பதில்லை. 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா, வரிவரியாக ஆராயும் அலசல் விமர்சனத்தை வலியுறுத்தியது இந்தக் குறையை உணர்ந்ததால்தான் என்று கருதுகிறேன். தங்கள் கட்டுரை இவ்விருவரையும் ஒரே முகாமில் அடைத்தது எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது.

இரு மரபுகளுக்கும் இடையிலான உண்மையான வேறுபாடு, அவை படைப்பை நோக்கி எழுப்பும் கேள்வியில் இருக்கிறது. மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் வந்தது; ராஜம் ஐயரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1893 முதல் ‘விவேக சிந்தாமணி’யில் தொடராக வந்தது. ஆங்கிலக் கல்வி, அச்சு, புதிய நடுத்தர வர்க்கம் ஆகியவற்றைக் கொண்டு நாவல் என்ற வடிவம் அந்தக் காலத்தில் இங்கே வேரூன்றியதைக் கைலாசபதியின் ‘தமிழ் நாவல் இலக்கியம்’ தெளிவாக விளக்குகிறது. ஆனால் ஏறத்தாழ ஒரே சூழலில் பிறந்த அவ்விரண்டில் முன்னது பெரிதும் வரலாற்றுச் சிறப்புக்காகப் படிக்கப்பட, பின்னதன் கதைமாந்தரான ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை மட்டும் இன்றும் உயிரோடு நம்முன் நடமாடுவது எதனால் என்று சமூகக் காரணங்களால் சொல்லிவிட முடியாது. அதற்கு ‘முதல் ஐந்து தமிழ் நாவல்கள்’ எழுதிய க.நா.சு.வைப் போன்ற தேர்ந்த வாசகரின் தீர்ப்பு வேண்டும். வர்க்கப் பின்னணி தெரிந்துவிட்டால் படைப்பின் தரமும் தெரிந்துவிட்டதாகப் பிற்காலத்து மார்க்சியர் பலர் எழுதியது, கைலாசபதியின் முறைக்கே இழைத்த அநீதியாகும்.

‘தமிழ் நாவல் இலக்கியம்’ நூலுக்கு விமர்சகர் வெங்கட் சாமிநாதன் ‘மார்க்ஸீயக் கல்லறையிலிருந்து ஒரு குரல்’ என்ற கடுமையான மறுப்பை எழுதியிருக்கிறார். உரிய அனுமதி பெற்று, அந்நூலின் சில பக்கங்களையும் அம்மறுப்பின் சில பக்கங்களையும் தங்கள் இலக்கியப் பக்கத்தில் அருகருகே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
தமிழ்ப் பேராசிரியர் ஒருவர்,
தஞ்சாவூர்.