பேய்ப்பட இயக்குநர்களே, அந்தக் கறுப்புப் பூனையைக் கொஞ்சம் விடுங்கள்

தமிழில் பேய்ப்படம் எடுக்கிற இயக்குநர்களுக்கும், அதற்குச் சத்தம் சேர்க்கிறவர்களுக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஓடிடியில் ஒரு படம். பெயர் வேண்டாம், எல்லாப் படத்திலும் இதே காட்சிதான். கதாநாயகி மாடிப்படி ஏறுகிறாள், கரண்ட் போகிறது, கதவு தானாகத் திறக்கிறது, ஒரு கறுப்புப் பூனை குறுக்கே போகிறது, கூடவே காதைக் கிழிக்கிற ஓர் அலறல். நிறுத்தி, பின்னால் ஓட்டிப் பார்த்தேன். பூனையின் வாய் மூடியே இருந்தது! அது ராத்திரியில் கடுவன்கள் மதில்மேல் கட்டிப்புரளும்போது போடுகிற சத்தம், சும்மா நடந்துபோகிற பூனை எதற்கு அப்படிக் கத்தப்போகிறது? என் மடியில் கிடந்த எங்கள் வீட்டுப் பூனை கறுப்பி ஒரு காதை மட்டும் திருப்பிவிட்டுத் தூங்கிப்போனாள். அவளுக்கே பழகிவிட்டது.

பூனையை நடிக்கவைப்பது லேசில்லைதான். விலங்கு நல வாரியத்தில் அனுமதி வாங்க வேண்டும், அந்த அலுவலகமும் 2018-ல் சென்னையை விட்டு ஹரியானாவுக்குப் போய்விட்டது. கிராபிக்ஸ் பூனை என்றாலும் சரி, ஆனால் கண்ணில் பல்பு எரியத்தான் வேண்டுமா?

1972-ல் வந்த காட்ஃபாதரின் முதல் காட்சியைப் பாருங்கள். அந்தப் பூனை திரைக்கதையிலேயே கிடையாது, ஸ்டுடியோவில் சுற்றிக்கொண்டிருந்ததைக் இயக்குநர் கொப்போலா தூக்கி, மாஃபியா தலைவனாக நடித்த மார்லன் பிராண்டோவிடம் கொடுத்தார், அது சொகுசாக உர்ர்ரென்று உறுமியதில் அவர் வசனமே சரியாகக் கேட்கவில்லையாம். பழிவாங்கித் தரச்சொல்லி வந்தவனிடம் பேசிக்கொண்டே அதன் தாடையைச் சொறிகிறார், அது அவர் கையோடு விளையாடுகிறது. பூனை அவ்வளவு நிம்மதியாக இருப்பதால்தான் அந்த ஆளைப் பார்த்தால் நமக்கு உதறுகிறது. பயமுறுத்துவது உங்கள் தொழில், இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த ஊரில் கம்பரே தன்னைப் பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனை என்றுதான் சொல்லிக்கொண்டார். நீங்கள் என்னடாவென்றால் அதைப் பேய்க்கு ஏஜென்ட் ஆக்கிவிட்டீர்கள். சகுனத்தை நீங்கள் கண்டுபிடிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன், ஆனால் வருஷா வருஷம் தண்ணீர் ஊற்றுவது நீங்கள்தான். எங்கள் தெருவில் ஒருவர் கறுப்பி குறுக்கே போனால் பைக்கை நிறுத்தி, வீட்டுக்குத் திரும்பி, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவார். போன மாதம் கல்லை எடுத்தே எறிந்துவிட்டார், இன்னும் அவள் பின்னங்காலை நொண்டிக்கொண்டிருக்கிறாள்.

அப்புறம், சத்தம் சேர்ப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. 2025-ல் ஆஸ்கர் வாங்கிய லாட்வியப் படம் ஃப்ளோவில் வசனமே கிடையாது, படம் முழுக்க ஒரு பூனைதான். அதன் குரலுக்கு ஒலி வடிவமைப்பாளர் தன் வீட்டுப் பூனையைத்தான் பதிவு செய்தார். உங்களிடம் பூனை இல்லையென்றால் கறுப்பி இருக்கிறாள், காசு வேண்டாம். கருவாடு பொரிக்கிற நேரமாகப் பார்த்து மைக்கோடு வாருங்கள்.