இரண்டாவது சரணத்தில் நின்ற பாட்டு

மாப்ளே,

நலம்தானே? இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவள் பன்னிரண்டாம் வகுப்பு என்பதால் வீட்டில் டிவிக்கு ஊரடங்கு. என் மூட்டு வலி கொஞ்சம் பரவாயில்லை.

போன வாரம் பரணை ஒழித்தபோது, 2000-இல் நீ டெக்சாஸிலிருந்து தபாலில் அனுப்பிய சி.டி. கிடைத்தது. மேலே உன் கோழிக் கிறுக்கலில் 'ராஜா, 142 பாட்டு'.

உனக்கென்ன, காலேஜ் நெட்டில், ஆளுக்கு ஆள் பாட்டைப் பகிர்ந்துகொள்ளும் நாப்ஸ்டரைத் திறந்தால் பாட்டு கொட்டும். நான் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பிரவுசிங் சென்டரில் கிடந்தேன். 56 கே மோடம் ஒன்றுதான், அதை ஆறு கணினிக்குப் பங்கு போட்டிருப்பார் கடைக்காரர். 128 கேபிபிஎஸ் தரத்தில் சுருக்கிய ஐந்து நிமிட எம்பி3 பாட்டு கிட்டத்தட்ட 5 எம்பி. ஒரு ஃப்ளாப்பித் தட்டில் கொள்வதோ 1.44 எம்பி. நாலு துண்டாக வெட்டி நாலு ஃப்ளாப்பியில் ஏற்றி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் வருவேன். வீட்டில் ஒட்டும்போது மூன்றாவது ஃப்ளாப்பி 'கர்ர்... கர்ர்' என்று இழுக்கும். அவ்வளவுதான், மறுபடியும் சைக்கிள்.

மெட்டாலிகா ராக் இசைக்குழுவினர் நாப்ஸ்டர் மேல் வழக்குப் போட்டு, தங்கள் பாட்டைப் பகிர்ந்ததாக 3 லட்சம் பேருக்கு மேல் பெயர்ப் பட்டியல் கொடுத்தபோது நீ எழுதியது நினைவிருக்கிறதா? 'நான் இறக்குவதெல்லாம் ராஜா பாட்டு, அந்தப் பட்டியலில் நான் எங்கே இருக்கப் போகிறேன்' என்று. 2001 ஜூலையில் நாப்ஸ்டர் கடையையே மூடிவிட்டார்கள். பாடியவனுக்குப் பைசா போகவில்லை என்பது அன்று நமக்கு உறைக்கவே இல்லை. இப்போது கொஞ்சம் உறுத்துகிறது.

சரி, சி.டி.க்கு வருகிறேன். சி.டி. டிரைவ் ஒன்றை இரவல் வாங்கிப் போட்டேன். பாதிப் பாட்டுக்குப் பெயரே தப்பு. ஜேசுதாஸ் பாடியதற்கெல்லாம் எஸ்.பி.பி. பெயர். காதுக்குத் தெரியாது என்று எம்பி3 கழித்துக்கட்டும் சத்தங்கள் இருக்கிறதே, அதில் சில எனக்குத் தெரிகிறது. டிரம்ஸோடு தட்டும் சிம்பல் தாளத்தின் சத்தம் தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு சளசளப்பு. அன்று அதைத்தான் 'சி.டி. குவாலிட்டி' என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்!

அப்புறம் அந்தப் பதினேழாவது பாட்டு. நாப்ஸ்டரில் பாட்டு இன்னொருவன் கணினியிலிருந்து நேராக வரும் இல்லையா, அவன் பாதியில் அணைத்துவிட்டுப் போய்விட்டான் என்றாயே, அதேதான். 3 நிமிடம் 40 விநாடியில், இரண்டாவது சரணத்தின் நடு வார்த்தையில் நிற்கிறது. இப்போது போனில் அந்தப் பாட்டை முழுசாகக் கேட்கிறேன். ஆனாலும் அந்த இடம் வந்தால் வாய் தானாக மூடிக்கொள்கிறது. மகள் சிரிக்கிறாள்.

அந்த ஆள் எந்த ஊர்க்காரன்? அவனிடம் 'ஏன்யா அணைத்தாய்' என்று சாட்டில் சண்டை போட்டதாகச் சொன்னாயே, என்ன பதில் சொன்னான்? மறக்காமல் எழுது.

உன்,
பழைய அறைக்காரன்
திருச்சி