தூத்துக்குடி வேறு, திருச்செந்தூர் வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாடாளுமன்றத் தேர்தல் நெருங்கினால் பத்திரிகைகளில் ‘தொகுதி வரலாறு’ என்று கட்டம் கட்டிச் செய்தி வரும். தூத்துக்குடிக்கு வரும் கட்டத்தில் பெரும்பாலும் ஒரே பல்லவிதான்: ‘திருச்செந்தூர் என்ற பெயரில் இருந்த தொகுதி 2009 முதல் தூத்துக்குடி ஆனது.’ அதற்குக் கீழே 1957 தொடங்கி இன்றுவரை வென்றவர்களை ஒரே வரிசையில் அடுக்கிவிடுகிறார்கள். பெயர்ப்பலகையை மட்டும் மாற்றிய கடை மாதிரி ஆகிவிடுகிறது. உண்மையில் கடையையே இடித்துப் பங்கு போட்டிருக்கிறார்கள்.

1977 முதல் 2004 வரை நடந்த தேர்தல்களில் திருச்செந்தூர் நாடாளுமன்றத் தொகுதிக்குள் இருந்த சட்டமன்றத் தொகுதிகள் ஆறு: ஸ்ரீவைகுண்டம், திருச்செந்தூர், சாத்தான்குளம், நாங்குநேரி, ராதாபுரம், கன்னியாகுமரி. இதில் தூத்துக்குடி இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். துறைமுக நகரம் அப்போது திருநெல்வேலி நாடாளுமன்றத் தொகுதியில் இருந்தது.

நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான தொகுதி மறுசீரமைப்பு ஆணையத்தின் உத்தரவு 2008 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபோது இந்த ஆறும் நாலு பக்கமாகச் சிதறின. ஸ்ரீவைகுண்டமும் திருச்செந்தூரும் தூத்துக்குடிக்குப் போயின. நாங்குநேரியும் ராதாபுரமும் திருநெல்வேலிக்கு. நாகர்கோவில் தொகுதி கன்னியாகுமரி என்று பெயர் மாறியபோது கன்னியாகுமரி சட்டமன்றத் தொகுதி அதற்குள் போயிற்று. சாத்தான்குளம் சட்டமன்றத் தொகுதியே இல்லாமல் போய், சாத்தான்குளம் ஊர் ஸ்ரீவைகுண்டத்தோடு சேர்ந்தது. புதிய தூத்துக்குடியில் மீதி நாலு இடங்களைப் பிடித்தவை தூத்துக்குடி, ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம், கோவில்பட்டி. தேரிக்காடும் பனையும் வாழையுமாக இருந்த பழைய தொகுதிக்கும், கரிசல் காடு பெரும்பங்காக உள்ள புதிய தொகுதிக்கும் நிலமே வேறு. ஆறில் இரண்டுதான் பொது என்றால் அதைப் ‘பெயர் மாற்றம்’ என்று சொல்வது எந்தக் கணக்கில் சேரும்?

இந்தக் குழப்பத்தால் வரும் பிழைகள் சில்லறைப் பிழைகள் அல்ல. கூடங்குளம் ராதாபுரம் சட்டமன்றத் தொகுதியில் இருக்கிறது. அணுமின் நிலையத்துக்காக 1988-இல் சோவியத் யூனியனோடு ஒப்பந்தம் கையெழுத்தானபோதும், 2002-இல் கட்டுமானம் தொடங்கியபோதும் அந்த ஊர் திருச்செந்தூர் நாடாளுமன்றத் தொகுதி. 2011-இல் இடிந்தகரையில் போராட்டம் நடந்தபோது திருநெல்வேலித் தொகுதி. அதேபோல 2000 ஜனவரி 1 அன்று குமரிமுனையில் வள்ளுவர் சிலை திறக்கப்பட்டபோது அந்த ஊரின் மக்களவை உறுப்பினர் திருச்செந்தூரில் வென்ற ஏ.டி.கே. ஜெயசீலன். இதை நாகர்கோவில் கணக்கில் எழுதினாலும் தவறு, தூத்துக்குடி கணக்கில் எழுதினாலும் தவறு.

1986-இல் சிதம்பரனார் மாவட்டம் (இன்றைய தூத்துக்குடி மாவட்டம்) பிரிந்த பிறகு இந்த ஒரு தொகுதி மூன்று மாவட்டங்களில் கால் வைத்து நின்றது. நாங்குநேரிக்காரர் ஆட்சியரைப் பார்க்கத் திருநெல்வேலிக்கும், ஸ்ரீவைகுண்டத்துக்காரர் தூத்துக்குடிக்கும், குமரிமுனைக்காரர் நாகர்கோவிலுக்கும் போக வேண்டும், எம்.பி. மட்டும் மூவருக்கும் ஒருவரே. தொகுதி மேம்பாட்டு நிதியைப் பேசும்போது இதை மறக்கக் கூடாது. 1993 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட அந்தத் திட்டத்தில் ஆண்டுக்கு 2 கோடி ரூபாய் என்ற அளவு 1998-99-இல் வந்தது. 5 கோடி ஆனது 2011-12-இல்தான். திருச்செந்தூர் எம்.பி. எவரும் 5 கோடியைக் கண்டதில்லை. ‘இவர் இவ்வளவு செலவழித்தார், அவர் அவ்வளவுதான்’ என்று பழையவரையும் புதியவரையும் ஒரே தராசில் நிறுத்துகிறவர்கள் முதலில் தராசைச் சரிபார்க்கட்டும்.

வென்றவர்கள் பட்டியலுக்கு வருகிறேன். 1952-இல் திருச்செந்தூர் என்ற மக்களவைத் தொகுதியே கிடையாது. அப்போது இந்தப் பக்கம் ஸ்ரீவைகுண்டம் என்று ஒரு தொகுதி இருந்தது, வென்றவர் ஏ.வி. தாமஸ். 1957-இல்தான் திருச்செந்தூர் வருகிறது. குமரிமுனை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்ததால் 1952 கணக்கில் அதைத் தேடுவதே வீண்.

1962-இல் டி.டி. கிருஷ்ணமாச்சாரி திருச்செந்தூரில் போட்டியின்றித் தேர்வானார். மக்களவைக்கு வாக்குப்பதிவே நடக்கவில்லை. புள்ளிவிவர அறிக்கையில் வாக்குப் பத்தி காலியாக இருப்பதைப் பார்த்து 0 என்று எழுதி, அதையும் சேர்த்து ‘சராசரி வாக்குப்பதிவு’ போடுகிறவர்கள் உண்டு. அந்த ஆண்டை விட்டுவிட்டுத்தான் சராசரி எடுக்க வேண்டும்.

1967-இல் சுதந்திராக் கட்சியின் சந்தோஷம். 1971-இல் தி.மு.க.வின் எம்.எஸ். சிவசாமி வென்ற வித்தியாசம் வெறும் 26 வாக்குகள். அதுவரை நடந்த மக்களவைப் பொதுத்தேர்தல்களில் இந்தியாவிலேயே மிகக் குறைந்த வித்தியாசம் அதுதான். 1989-இல் ஆந்திராவின் அனகாப்பள்ளியில் 9 வாக்கு வித்தியாசம் வந்து அதை முறியடித்தது. இந்த 26-ஐத் ‘தூத்துக்குடித் தொகுதியின் சாதனை’ என்று போடுவதைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

கே.டி. கோசல்ராம் 1977, 1980, 1984 ஆகிய மூன்று தேர்தல்களில் வென்றார். அவர் மறைந்த பிறகு 1985-இல் நடந்த இடைத்தேர்தலில் ஆர். தனுஷ்கோடி ஆதித்தன் வந்தார். பொதுத்தேர்தல் அறிக்கைகளில் இடைத்தேர்தல் முடிவு இருக்காது. அதை மட்டும் பார்த்து எழுதினால் ஆதித்தன் 1989-இல்தான் முதலில் வென்றதாக ஆகிவிடும். அவருடைய நான்கு வெற்றிகளையும் காங்கிரஸ் என்று எழுதுவதும் பிழை. 1996-இல் அவர் த.மா.கா. (தமிழ் மாநில காங்கிரஸ்). அதற்குப் பின் 1998-இல் அ.தி.மு.க.வின் நடிகர் ராமராஜன், 1999-இல் தி.மு.க.வின் ஜெயசீலன், 2004-இல் தி.மு.க.வின் வி. ராதிகா செல்வி. பட்டியல் அங்கே முடிகிறது. 2009-இல் வென்ற எஸ்.ஆர். ஜெயதுரை அதன் அடுத்த வரி அல்ல, வேறொரு பட்டியலின் முதல் வரி.

2004-ஐயும் 2009-ஐயும் ஒப்பிட்டே தீர வேண்டும் என்றால் சட்டமன்றத் தொகுதிவாரி வாக்குகளை எடுத்து, இரண்டிலும் உள்ள ஸ்ரீவைகுண்டத்தையும் திருச்செந்தூரையும் மட்டும் பார்க்கலாம். அதிலும் ஒரு சிக்கல்: சாத்தான்குளம் கலைந்ததால் இவற்றின் எல்லையும் மாறியது. துல்லியம் வேண்டுமானால் படிவம் 20-இல் உள்ள வாக்குச்சாவடிவாரிக் கணக்குக்குப் போக வேண்டும். சாவடி எண்ணை நம்பக் கூடாது, எண்கள் மாறிவிட்டன; பள்ளிக்கூடத்தின் பெயரையும் ஊரையும் வைத்துப் பொருத்த வேண்டும். வாக்குச்சீட்டுகளைக் கலந்து எண்ணிய பழைய தேர்தல்களுக்கு இந்த வழியும் அடைப்புதான். சதவீதம் போடும்போது பதிவான வாக்கா, செல்லுபடியான வாக்கா என்று சொல்லிவிடுவது நல்லது. சீட்டுக் காலத்தில் செல்லாத ஓட்டு கணிசம். 2004-இல் எல்லா இடத்திலும் இயந்திரம் வந்த பிறகு அது ஏறக்குறைய மறைந்துவிட்டது.

ஒரு கிராமம் எந்தத் தொகுதியில் இருந்தது என்று பார்க்க மறுசீரமைப்பு ஆணையில் தாலுகா, கிராமம் என்று போட்டிருக்கிறார்கள். அதில் ஏரல் தாலுகாவையும் திசையன்விளை தாலுகாவையும் தேடிவிட்டு ‘இல்லை’ என்று மூடிவிடக் கூடாது. இரண்டும் ஆணைக்குப் பிறகு உருவானவை. ஏரல் பக்கத்து ஊர்களை ஸ்ரீவைகுண்டம், திருச்செந்தூர் தாலுகாக்களிலும், திசையன்விளை பக்கத்து ஊர்களை ராதாபுரம் தாலுகாவிலும் பார்க்க வேண்டும். அங்கும் இல்லையென்றால் அது குக்கிராமமாக இருக்கும். வி.ஏ.ஓ.விடம் வருவாய்க் கிராமத்தின் பெயரைக் கேட்டு, அந்தப் பெயரில் தேடினால் கிடைக்கும்.

இப்படிக்கு,
வாசகர்,
பாளையங்கோட்டை