டெல் அபார்ட்னா பிரிச்சு வைக்கிறது இல்ல சார்

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இங்கிலீஷ் கத்துக்கிற பகுதியில "டெல் அபார்ட்"டுக்கு "தனித்தனியாகப் பிரித்தல்"னு அர்த்தம் போட்டிருந்தீங்க, அது தப்பு சார். நான் டியூஷன் எடுக்கிறேன், அந்தப் பகுதியை வெட்டி நோட்ல ஒட்டிட்டு வர்ற பிள்ளைங்க இருக்காங்க, அதான் உடனே எழுதுறேன்.

ஒரு பொண்ணு அவ கிளாஸ்ல இருக்கிற ட்வின்ஸைப் பத்தி "ஐ கெனாட் செப்பரேட் தெம்"னு எழுதிட்டு வந்தா. அவ சொல்ல வந்தது யாரு அக்கா யாரு தங்கச்சின்னே தெரியலங்கிறது, ஆனா படிக்கிறவங்க ரெண்டும் ஒட்டிக்கிட்டே திரியுதுங்க போலன்னுதான் நினைப்பாங்க. "ஐ கான்ட் டெல் தெம் அபார்ட்"னு வரணும். திருத்திக் குடுத்ததும் அவளே சொல்றா, ஒருத்திக்கு இடது புருவத்துல சின்னத் தழும்பு இருக்கு மிஸ், கிட்டப் போய் அதைப் பாத்துட்டுதான் பேரு சொல்லிக் கூப்பிடுவேன்னு. அதேதான் சார் டெல் அபார்ட்! கை வச்சுப் பிரிக்கிற வேலையே இல்ல, பாத்தோ கேட்டோ தெரிஞ்சுக்கிறது, அதனாலதான் பெரும்பாலும் கேன், கான்ட் கூடவே வருது.

சொல்றதுக்கும் இதுக்கும் என்ன மிஸ் சம்பந்தம்னு கேப்பாங்க. பழைய இங்கிலீஷ்ல டெல்லுக்கு எண்ணுறதுன்னும் அர்த்தம் உண்டு, பேங்க்ல பணம் எண்ணிக் குடுக்கிறவர் டெல்லர் ஆனதும், ஏடிஎம்ல நடு எழுத்தா அது நிக்கிறதும் அப்படித்தான். ஒன்னொன்னா எண்ணணும்னா இது வேற அது வேறன்னு மனசுல பாக்கணும் இல்லியா, டெல்லுக்கு வித்தியாசம் கண்டுபிடிக்கிற அர்த்தமும் அப்படி ஒட்டிக்கிச்சுன்னு சொல்வேன். நம்ம தமிழ்லயும் எண்ணுறதுன்னா காசை எண்ணுறதும்தான், மனசுல நினைக்கிறதும்தான், இதைச் சொன்னா டக்குனு பிடிச்சுக்கிறாங்க.

தெம்ங்கிறது நடுவுலதான் வரணும், "டெல் அபார்ட் தெம்" கிடையாது. ரெண்டையும் பேர் சொல்லணும்னா "டெல் சால்ட் ஃப்ரம் ஷுகர்", டிஃபரன்ஸ்னு போட்டா "டெல் த டிஃபரன்ஸ் பிட்வீன் சால்ட் அண்ட் ஷுகர்". இந்த ஃப்ரம்மையும் பிட்வீனையும் மாத்திப் போட்டுத்தான் மார்க் போகுது.

"இனங்காணுதல்" கிட்டத்தட்ட வரும், ஆனா ஒன்னே ஒன்னைப் பாத்துக்கூட இனங்காணலாம், டெல் அபார்ட்டுக்கு குறைஞ்சது ரெண்டு வேணும். அதனால "எது எதுன்னு வித்தியாசம் கண்டுபிடிக்கிறது"ன்னே போடுங்க சார், நீளமா இருந்தாலும் பரவால்ல. வர்ற ஞாயிறு அதே இடத்துல வந்தா பழசு மேலயே ஒட்டச் சொல்லிடுவேன்.

இப்படிக்கு,
டியூஷன் டீச்சர் ஒருத்தி